கப்பல் கை

"நத்தை வீட்டத் தூக்கிக்கிட்டே போவுதே உம்மா, அதுக்கும் வீட்டு வரி உண்டா?"

நயாகாட் டவுன் கமிட்டி ஆபீஸில், வரி கட்டும் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு கரீமா இப்படிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. முந்தானையில் முடிந்திருந்த வரிப் பணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் தாய் சைனம்பு, "சும்மா இரு புள்ள" என்று அதட்டினாள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த செக்ரட்டரி ராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று மாலை சேர்மன் கோவிந்தராஜ் வந்ததும் அவரிடமும் சொல்லிச் சிரித்தார். சேர்மன் சிரிக்கவில்லை. அது யார் பிள்ளை என்று கேட்டார். சைனம்புவின் பிள்ளை என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

ஒரு குழந்தையின் வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் கையில் ஓர் ஊர் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்த மழைக்காலத்தில் நயாகாட் பார்த்தது.

போர்ட் பிளேரில் கப்பல் வந்து நிற்கும் சாத்தத் துறையிலிருந்து படகேறி வளைகுடாவைக் கடந்தால் வருவது நயாகாட். வங்காளத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், நம் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய சிறிய ஊர். வீட்டுக்குள் அவரவர் பாஷை, தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் இந்தி. சைனம்புவின் கணவர் கூலி வேலைக்கு வந்தவர். கரீமா தவழும் வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பினால் யார் வீட்டு அடுப்படியில் ஒண்டுவது என்று சைனம்பு யோசித்தாள். ஓடைக்கரைச் சரிவில் புதராய்க் கிடந்த நிலத்தைக் கமிட்டியின் வாய்ச் சொல் அனுமதியோடு தானே கொத்தித் தோட்டமாக்கினாள். முளைக்கீரை, வெண்டை, மிளகாய், ஒரு புடலைப் பந்தல். காலையில் கூடையோடு நாலு தெரு சுற்றினால் இருவருக்கும் அன்றைய சோறு வந்துவிடும்.

அந்தத் தோட்டத்தை ஒட்டி, வேலிக்கு மறுபுறம் இருந்தது சேர்மன் கோவிந்தராஜின் மரக் கிடங்கு. காட்டிலிருந்து வரும் மரத்தைப் படகில் ஏற்ற ஓடைவரை ஒரு வழி இருந்தால் அவருக்கு வண்டிக் கூலி மிச்சம். அந்த வழியில்தான் சைனம்புவின் புடலைப் பந்தல் நின்றது. ஒரு முறை கூப்பிட்டு, வேறு இடம் தருகிறேன், இதை விட்டுவிடு என்றார். அவர் காட்டிய இடம் பாறை. அங்கே என்ன முளைக்கும் முதலாளி என்று சைனம்பு கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவளை அவர் மறக்கவில்லை.

இனி நத்தைக்கு வருவோம். அந்தத் தீவுகளில் மழை தொடங்கியதும் கையகலத்துக்கு வளரும் ஒரு பெரிய நத்தை வெளியே வரும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இலை, தளிர், பிஞ்சு எது கிடைத்தாலும் தின்னும். தோட்டம் போட்டவர்கள் விடியற்காலையில் பொறுக்கி எறிவார்கள், மறுநாளும் பொறுக்குவார்கள். இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

கமிட்டி சட்டம் போடும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் எப்போதும் மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளில்தான் நடக்கும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள், அன்றைக்குத்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். வளைகுடா வாயில் கப்பல் நுழைந்ததும் சங்கு ஊதும். ஊதிய சிறிது நேரத்தில் சாத்தத்துக்குப் படகு புறப்பட்டுவிடும். அந்தப் படகை விட்டால் சரக்கு மூட்டை மழையில் நனையும். ஆகவே சங்குச் சத்தம் கேட்டதும் சேர்மன், "பாக்கி சப் பாஸ். ஹாத் உட்டாவ்" என்பார். மிச்சமெல்லாம் நிறைவேறியது, கையைத் தூக்குங்கள் என்று அர்த்தம். ஒரு கையில் குடையைப் பிடித்து எழுந்தபடியே எல்லோரும் மறு கையைத் தூக்குவார்கள். எதற்குத் தூக்கினோம் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஊரார் இதற்குக் கப்பல் கை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கப்பல் கையால் நிறைவேறிய காரியங்கள் பல உண்டு. வீடே இல்லாத ஒரு தெருவுக்கு விளக்கு வந்தது. செத்துப்போன காவல்காரருக்குச் சம்பளம் உயர்ந்தது. பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஒதுக்கிய பணம் சேர்மன் அறைக்கு மேஜையாயிற்று. இவற்றில் எதையும் எதிர்த்து ஒரு கை இறங்கியதாக வரலாறு இல்லை.

தந்திரம் தெரிந்த சேர்மன், ஊரார் காதில் விழக்கூடாததையெல்லாம் அஜெண்டாவின் கடைசியில் வைப்பார். முன்னால் எல்லோருக்கும் வாய் ஊறும்படி ஏதாவது ஒன்றைப் போட்டு, சங்கு ஊதும்வரை அவர்களைப் பேசவிடுவார். அந்த மாதம் முன்னால் போட்டது இரண்டு. ஒன்று, கூட்டத்தில் தேநீரோடு உப்பு பிஸ்கோத்தா, இனிப்பு பிஸ்கோத்தா என்பது. இரண்டாவது, கூட்ட அறை ஜன்னலுக்கு நீலத் திரையா, பச்சைத் திரையா என்பது.

பிஸ்கோத்துக்காக வங்காளி உறுப்பினரான கம்பவுண்டர் இரண்டு முறை எழுந்து பேசினார். திரைக்காக எழுந்தவர் ஜவுளிக்கடை சேக் தாவூத். அவர் கடையில் நீலத் துணி ஒரு முழுச் சுருளாகத் தேங்கிக் கிடந்தது. கடல் சூழ்ந்த ஊருக்கு நீலம்தான் பொருத்தம் என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஐந்து வேளை தொழுகிறவர், அளவில் ஒரு விரற்கடை குறைக்காதவர், கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்ததும் அவரும் அந்த அறையின் ஆளாகிவிடுவார்.

நீலம் ஏறக்குறைய ஜெயித்த நேரத்தில் சங்கு ஊதியது. அன்றைய கப்பலில் தாவூதுக்கு வேட்டி மூட்டைகள் வந்தன. "பாக்கி சப் பாஸ்" என்று சேர்மன் முடிப்பதற்குள் முதல் கையாக அவர் கை உயர்ந்தது. மற்ற கைகள் தொடர்ந்தன. அறை காலியாயிற்று. கடிக்காத பிஸ்கோத்துகளை ராஜமாணிக்கம் டப்பாவில் போட்டு மூடினார்.

இரண்டு நாள் கழித்துச் சைனம்பு ஜவுளிக்கடைக்கு வந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. அவள் படியேறாமல் வாசலிலேயே நின்றாள்.

"காக்கா, நீங்களும் கை தூக்குனீங்களா?"

"எதுக்கும்மா?"

"நத்தைச் சட்டத்துக்கு."

"நத்தைக்கா?" தாவூத் யோசித்தார். "அப்படி ஒண்ணும் வரலியே. ஜன்னல் சீலை வந்துச்சு. பிஸ்கோத்து வந்துச்சு."

ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், கரீமாவின் வாத்தியார் படித்துச் சொன்னார் என்றாள் சைனம்பு. தாவூத் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. நகர எல்லைக்குள் எந்தத் தோட்டத்தில் பெரிய நத்தை காணப்பட்டாலும் ஒரு முறை எச்சரிக்கப்படும். மறு சோதனையிலும் காணப்பட்டால் தோட்டம் அழிக்கப்பட்டு நிலம் கமிட்டி வசமாகும். மரக் கிடங்குகள் தொழில் இடங்கள் ஆதலால் இச்சட்டத்துக்குள் வாரா. அதன் கீழே, நத்தை ஒழிப்பு முறைகளை நேரில் கற்றுவர உறுப்பினர்கள் தீவுகளின் தென்கோடியிலுள்ள கேம்பல் பே சென்று வரவும் பணம் ஒதுக்கியிருந்தது.

தாவூத் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"ஒன் தோட்டத்துக்குன்னு இதுல இல்லியேம்மா."

"வேலிக்கு அந்தப் பக்கம் மக்குன பலகைக் குவியல் கெடக்கு காக்கா. அதுலேர்ந்துதான் எல்லாம் வருது. நான் இந்தப் பக்கம் பொறுக்கப் பொறுக்க அந்தப் பக்கம் குட்டி போடுது. எந்தத் தோட்டத்துக்குன்னு எழுதணுமா என்ன?"

அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுகிறேன், இன்ஷா அல்லாஹ் என்றார் தாவூத். மனதாரத்தான் சொன்னார்.

இடையில் பாதி உறுப்பினர்கள் கப்பலேறிக் கேம்பல் பே போனார்கள். அங்கே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறியவர்கள், இவ்வளவு தூரம் நத்தை பார்க்கவா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பாவம் என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். போனவர்கள் பாயும் தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நத்தை நிலைமை அங்கே திருப்திகரமாக இருப்பதாக அறிக்கை எழுதினார்கள்.

அடுத்த கூட்டத்தன்று கப்பல் தாமதம். அதனால் சட்டத்தை முதன்முதலாக யாரோ படித்துப் பார்த்திருக்க வேண்டும். கம்பவுண்டர் பதறி எழுந்தார். தன் வீட்டுப் பப்பாளித் தோட்டத்தில் நத்தை கொழிக்கிறதே, அதுவும் போய்விடுமா என்று கேட்டார். மற்றவர்களுக்கும் தத்தம் தோட்டம் நினைவுக்கு வந்தது. எவருக்கும் சட்டத்தில் உள்ள அநியாயம் கண்ணில் படவில்லை, தன் வீட்டு வேலிதான் பட்டது. சேர்மன் அமைதியாக ஒரு திருத்தம் சொன்னார். கமிட்டி உறுப்பினர்களின் தோட்டங்கள் இனிப் பொதுப் பூங்காக்கள் எனக் கருதப்படும், சட்டம் பூங்காக்களைத் தொடாது. பூங்கா என்றால் பலகை வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதற்கும் கமிட்டியே பணம் தரும். பொதுமக்கள் அந்தப் பூங்காக்களுக்குள் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கை தூக்க எந்தக் கப்பலும் தேவைப்படவில்லை. நன்றாகத் தெரிந்தே தூக்கினார்கள்.

தாவூத் அந்த நேரத்தில் எழுந்தார்.

"சேர்மன் சார், ஒரு விஷயம். அந்த ஓடைக்கரைத் தோட்டம்..."

"சொல்லுங்க பாய்" என்றார் கோவிந்தராஜ், அன்போடு. "ஒங்க வீட்டுப் பின்கட்டு மல்லிகைப் பந்தல்தானே? அதுக்கும் போர்டு எழுதச் சொல்லியாச்சு. அப்புறம் பாய், ஒங்க கடைப்படி ரோட்டு மேல நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு ஓவர்சியர் எழுதிக் குடுத்திருக்கான். அதயும் இன்னிக்கே எடுத்துருவமா?"

புதிய நீலத் திரை காற்றில் அசைந்தது.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தாவூத் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. இனிப்பு பிஸ்கோத்தும் வந்தது. அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஓவர்சியர் சைனம்புவின் தோட்டத்துக்கு வந்தார். அதிகம் தேடத் தேவையிருக்கவில்லை. புடலைப் பந்தல் காலில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை எழுதிக் கையில் கொடுத்தார். மறு சோதனை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை என்றார். அவர் மேல் பிழை சொல்வதற்கில்லை, கண்ணில் பட்டதை எழுதினார்.

அன்று முதல் தாயும் மகளும் விடியலிலும் அந்தியிலும் தகர டப்பாவோடு குனிந்தே கிடந்தார்கள். பொறுக்கியதை ஓடையில் கொட்டினார்கள். ஆனால் மழை வலுக்க வலுக்க வேலிக்கு அடியில் புதிது புதிதாக வந்தது. கிடங்குக்குள் போய்ப் பலகைக் குவியலில் பொறுக்கிக்கொள்ளட்டுமா என்று சைனம்பு கிடங்குக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தாள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். நத்தைக்கு இருந்த அனுமதி அவளுக்கு இல்லை.

பெருநாள் நெருங்கியதால் ஜவுளிக்கடையில் கூட்டம். ஒரு நாள் முற்பகலில் கருவாட்டு வியாபாரி அய்யூப் உள்ளே வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். மனதில் பட்டதை ஊர் கேட்கச் சொல்லும் சுபாவம். துணி கேட்காமல் நேரே கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தாவூது, நத்தைச் சட்டத்த முன்மொழிஞ்சது நீதானாமே. கமிட்டிப் பொஸ்தகத்துல ஒன் பேருதான் இருக்காம். ராஜமாணிக்கம் சொன்னாரு."

அது உண்மைதான். கப்பல் கையின்போது முதலில் எந்தக் கை கண்ணில் படுகிறதோ அந்த ஆளைத்தான் முன்மொழிந்தவர் என்று எழுதுவது ராஜமாணிக்கத்தின் வழக்கம். அன்று வேட்டி மூட்டைக்காக முந்திய கை தாவூதுடையது. இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தாவூதுக்குத் தெரியவில்லை. சொன்னாலும் அது பெருமைப்படத்தக்க விளக்கம் அல்ல.

"ஒரு கைம்பொண்டாட்டி கீரைப் பாத்தியப் புடுங்குறதுக்கா ஒன்னய அங்க ஒக்கார வச்சோம்?" என்றார் அய்யூப். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெண் கையில் எடுத்திருந்த தாவணித் துணியைத் திரும்ப வைத்தாள்.

தாவூதின் மனைவி சம்சாத் வழக்கமாகச் சைனம்புவிடம்தான் கீரை வாங்குவாள். கடையை ஒட்டியிருந்த வீட்டு வாசலில் கீரைக் கூடையோடு சைனம்பு அப்போது நின்றுகொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அய்யூப் மாமா. காக்கா எனக்காக எழுந்து பேசுனாங்க. நான் அன்னிக்கு ஆபீஸ் வராந்தாவுலதான் நின்னேன், என் காதால கேட்டேன். சேர்மன்தான் அவங்கள உக்கார வச்சுட்டாரு."

அய்யூப் அவளைப் பார்த்தார், தாவூதைப் பார்த்தார். "அப்படின்னா சரிதான்" என்று குரலை இறக்கினார். "நம்மாளு ஒருத்தனாவது வாயத் தொறந்தானே." தாவூதின் தோளைத் தட்டிவிட்டுப் பெருநாள் வேட்டி ஒன்று எடுத்துப் போடச் சொன்னார். தாவணியை வைத்த பெண்ணும் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சைனம்பு சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாவூத் எழுந்தது உண்மை. சேர்மன் உட்கார வைத்ததும் உண்மை. எதைக் காட்டி உட்கார வைத்தார் என்பதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டவளுக்கு அதுவும் கேட்டிருக்கும். கடைப்படியும் மல்லிகைப் பந்தலும் "வேணாம் சார்" என்ற சொல்லும் கேட்டிருக்கும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனபோது தாவூதின் பக்கம் திரும்பவில்லை. நன்றி சொல்லும்படி அவரை நிற்க வைக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. பதவியில் இருக்கிற ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வருஷம் பேசியும் உண்டாக்க முடியாத ஒரு நல்லதை அவள் இரண்டே வாக்கியத்தில் உண்டாக்கிவிட்டுக் கீரை விற்கப் போனாள்.

தாவூத் அன்று சாப்பிட உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார்.

சோதனைக்கு முந்திய வியாழக்கிழமை சைனம்புவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றி, கரீமாவையும் உடன் அனுப்பி, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள். படகு நகர்ந்தபோதும் அவள் நாளைக்குச் சோதனை, நாளைக்குச் சோதனை என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். தோட்டத்தில் ஆள் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் ஓவர்சியரோடு கோவிந்தராஜும் வந்தார். வெட்டுக்கத்தியோடு நாலு கூலியாட்கள் பின்னால் வந்தார்கள். ஓவர்சியர் கீரைப் பாத்தியில் குனிந்து பார்த்தார். வெண்டைச் செடிகளைப் பிரித்துப் பார்த்தார். பந்தலின் கால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வேலிக்கு அடியில் குச்சியால் கிளறினார்.

"நஹீ ஹை சாப்."

"ஒழுங்காப் பாரு" என்றார் சேர்மன்.

மறுபடி பார்த்தார். இல்லை. சேர்மனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஓர் ஊரின் தலைவர் ஒரு நத்தைக்காக ஏங்கியபடி மழையில் குனிந்து நடப்பதை அந்தக் கூலியாட்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சொல்லியிருப்பார்கள். வேலியைத் தாண்டித் தன் கிடங்கையும் எட்டிப் பார்த்தார். பலகைக் குவியலில்கூட ஒன்று இல்லை. தோட்டம் சுத்தம் என்று ஓவர்சியர் எழுதினார். மறு சோதனையில் சுத்தமாக இருந்த தோட்டத்தை அப்புறம் தொட முடியாது என்று அவர்களே அந்தச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதையும் யாரும் படித்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், நத்தைகள் ஏன் காணப்படவில்லை என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதற்கும் பயணச் செலவு உண்டு.

காய்ச்சல் தணிந்து திரும்பிய சைனம்பு தன் பந்தலைப் பார்த்ததும் ஈர மண்ணிலேயே நெற்றியை வைத்துத் தொழுதாள். யாரோ வாத்துக் கூட்டத்தை ஓட்டி வந்திருப்பார்கள் என்றார்கள் சிலர். ஓடை பொங்கி வந்து வாரிக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் வேறு சிலர். நயாகாட் இன்றுவரை அதற்குமேல் அறியாது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் உண்டு உறங்கிய வேளையில், சேக் தாவூத் ஒரு வெற்றுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை வழியாக இறங்கி வந்தார். மழையில் மரம் வராததால் கிடங்கு பூட்டிக் கிடந்தது. வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. வயிறு பெருத்தவர், உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துப் பக்கவாட்டில் நுழைந்தார். சட்டை கிழிந்தது.

முதல் பலகையைப் புரட்டியதும் பின்வாங்கினார். அவ்வளவு இருந்தன. மல் துணியைத் தொட்டுப் பழகிய விரல்கள். ஒன்றைத் தொட்டதும் உடம்பு கூசியது. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மில்லா சொல்லி எடுத்தார். பத்தாவதுக்குப் பிறகு கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார், அடியில் ஜவ்வரிசிபோல் கிடந்த முட்டைகளை மண்ணோடு வழித்தார், பலகைகளைப் பழையபடி அடுக்கினார். பிறகு தோட்டத்துக்கு வந்தார். இலையைக் கிழிக்காமல் இலைக்கு அடியில் பார்த்தார். கீரையை மிதிக்காமல் இருக்கக் கால் விரல்களை ஊன்றி நடந்தார். முதுகு பிடித்துக்கொண்டபோது பந்தல் காலைப் பிடித்து நின்றார். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டபோது சாக்கு கனத்திருந்தது, ஒரு நத்தைகூடத் தட்டுப்படாமல் இரண்டாம் முறையும் பார்த்து முடித்திருந்தார்.

சாக்கை ஓடையில் கவிழ்க்கக் கரைவரை போனார். உள்ளே அவை அசைவது சாக்கின் மேல் தெரிந்தது. எந்தக் கூட்டத்திலும் கை தூக்காத பிராணிகள். அவருக்கு மனம் வரவில்லை. நயாகாட்டில் நத்தை சட்டப்படி உயிரோடு இருக்கக்கூடிய இடங்கள் சிலதான். அவற்றில் ஒன்று அவருடையது.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின் சந்து வழியாக வீட்டுக் கொல்லைக்கு வந்தார். பொதுப் பூங்கா என்று எழுதிய பலகைக்குக் கீழே, கடைக்கு வரும் பெண்களெல்லாம் கேட்டு வாங்கிப் போகும் மல்லிகைப் பந்தலின் அடியில், சாக்கை மெல்லச் சரித்தார். ஒன்று தலையை நீட்டிக் கொம்புகளை விரித்தது. நிதானமாகக் கொடியின் தண்டில் ஏறத் தொடங்கியது. தாவூத் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். சம்சாத் தூங்கி எழுந்து வருவதற்குள் சாக்கை அலசித் துணிக்கொடியில் போட்டுவிட்டுத் தொழப் போனார்.